பில்லைப் பார்த்தால் தெரியாது, சர்வரைக் கேட்டால் தெரியும்

மருந்துக்கடை ஒன்றில் காலை வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். புதிய பில் ஏற மாட்டேன் என்கிறது. கணினியை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள், அப்படியேதான் இருக்கிறது. இடம் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தால் ஹார்டு டிஸ்க் பாதிக்கு மேல் காலி. இருந்தும் உள்ளே இருக்கிற டேட்டாபேஸ் இடமில்லை என்று சாதிக்கிறது. காரணம் பிழைச் செய்தியிலேயே இருக்கிறது, அதைத்தான் யாரும் கடைசிவரை வாசிப்பதில்லை: ஒரு டேட்டாபேஸுக்கு உரிமம் அனுமதிக்கும் உச்ச அளவு 10240 எம்பி, அதைத் தாண்டப் பார்க்கிறீர்கள் என்கிறது அந்தச் செய்தி. அதாவது 10 ஜிபி. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற இலவச எடிஷனுக்கு 2010 முதல் இருந்துவந்த வரம்பு இது. 2025 வெளியீட்டில்தான் 50 ஜிபியாக உயர்த்தினார்கள். கடைக்காரர் காசு கொடுத்து வாங்கியது பில்லிங் மென்பொருளை. அதன் அடியில் எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது, அதில் எந்த எடிஷன் என்று அவர் கேட்கவில்லை. விற்றவரும் வாய் திறக்கவில்லை. கடை கற்பனைதான். அந்தப் பிழைச் செய்தியும் அந்த எண்ணும் கற்பனை அல்ல.

‘எந்த எடிஷன் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது?’ என்ற கேள்வி கணினிப் பிரிவின் சில்லறைச் சந்தேகம் போலத் தோன்றும். வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, ரயில் முன்பதிவு, பள்ளிக் கட்டணம் என நம் அன்றாடத்தில் பாதி ஏதாவது ஒரு டேட்டாபேஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சில்லறை என்று ஒதுக்க முடியாது. ஆபத்து வரும்போது தப்பிப்பதும், தேவையில்லாத பணம் கட்டாமலிருப்பதும், இழந்த தரவை மீட்பதும் அந்த ஒரு கேள்விக்கான விடையைப் பொறுத்தவை. அதைக் கேட்க வேண்டியவர் மென்பொருளின் சொந்தக்காரர்; சொல்ல வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரே. பில், பெட்டியின் மேலட்டை, இன்ஸ்டால் செய்த பையனின் ஞாபகம் மூன்றும் இரண்டாம்பட்சச் சாட்சிகள். விற்பவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இந்த விடையைத் தெளிவாகச் சொல்லும்படி தன் சரக்கைச் செய்துதர வேண்டியது அவர்தான். இதுவரை அதை அவர் அரைகுறையாகத்தான் செய்திருக்கிறார்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எடிஷன் வேறு, வெர்ஷன் வேறு. நாம் இரண்டையும் ‘பதிப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். புத்தகம் வாங்குபவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்பது எப்போது வந்தது, எந்தப் பிழையெல்லாம் திருத்தப்பட்டது என்பதைக் காட்டும். மலிவுப் பதிப்பு, நூலகப் பதிப்பு என்பது யாருக்காக, என்ன விலையில், எந்தத் தாளில் என்பதைக் காட்டும். டேட்டாபேஸிலும் அதே கதைதான். வெர்ஷன் என்பது வயது. எந்த ஓட்டை அடைக்கப்பட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதை அது சொல்லும். எடிஷன் என்பது தரம். எவ்வளவு தரவு கொள்ளும், எத்தனை பிராசஸரைப் பயன்படுத்தும், எந்த வசதிக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதை அது சொல்லும். புத்தகத்தில் இரண்டும் முதல் பக்கத்தின் பின்புறம் அச்சாகியிருக்கும். மென்பொருளில் அந்தப் பக்கத்தைத் தேடித்தான் திறக்க வேண்டும்.

தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஜனவரி 25 சாட்சி. அன்று சனிக்கிழமை, இந்திய நேரப்படி காலை சுமார் 11 மணி. எஸ்க்யூஎல் சர்வர் 2000இல் இருந்த ஓர் ஓட்டை வழியாக ‘ஸ்லாமர்’ என்ற புழு இணையத்தில் கிளம்பியது. அதன் மொத்த அளவே 376 பைட், அதாவது தமிழில் இரண்டு மூன்று வரி தட்டச்சு செய்யப் பிடிக்கும் இடம். தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டித்தது. 10 நிமிடத்துக்குள், பாதிக்கப்படக்கூடிய இயந்திரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதன் பிடிக்குள் வந்துவிட்டன. குறைந்தது 75,000 இயந்திரங்கள் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்களில் பெரும்பாலானவை பணம் தரவில்லை. தென்கொரியாவில் இணையமே முடங்கியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணினித் திரை ஏறத்தாழ 5 மணி நேரம் வேலை செய்யவில்லை. உலை அப்போது ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் பேச்சோடு போயிற்று.

இதில் வெட்கக்கேடு எது என்றால், அந்த ஓட்டைக்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆறு மாதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்தை இத்தனை பேர் ஏன் சாப்பிடவில்லை? சோம்பல் ஒரு காரணம். பேட்ச் போடும் முறை கடினமாக இருந்ததும் ஒரு காரணம். மூன்றாவது காரணம்தான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. அதே எஸ்க்யூஎல் சர்வர் 2000இன் என்ஜினை ‘எம்எஸ்டிஇ’ என்ற பெயரில் ஓர் இலவச எடிஷனாகவும் மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. மற்ற நிறுவனங்கள் அதைத் தங்கள் மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். பலர் அப்படி விற்றார்கள். படம் வரையும் மென்பொருள், வைரஸ் தடுப்புக் கண்காணிப்பு என்று வாங்கி வைத்தவர்களின் கணினியில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் சத்தமில்லாமல் குடியேறியிருந்தது. எங்களிடம் எஸ்க்யூஎல் சர்வரே இல்லை, எங்களுக்கு எதற்குப் பேட்ச் என்று அவர்கள் நினைத்ததில் தவறு காண முடியாது. அவர்கள் கையிலிருந்த பில்லில் அது இல்லை. மைக்ரோசாஃப்டின் சொந்த வலையமைப்பும் அன்று அடிபட்டது என்பது, உற்பத்தி செய்தவருக்கே தன் வீட்டில் என்ன ஓடுகிறது என்ற கணக்கு முழுதாக இல்லை என்று காட்டியது. எங்கெல்லாம் அந்த என்ஜின் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நிறுவனம் வெளியிட்டது, புழு வந்துபோன பிறகு.

கேட்டவர்களுக்கும் விடை நேராகக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘செலக்ட் @@வெர்ஷன்’ என்று ஒரு வரி அடித்தால் அது தன் ஜாதகத்தை ஒப்பிக்கும். 2000ஆம் ஆண்டு வெளியீட்டில் அந்த ஜாதகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: முதல் வரியில் ‘மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2000 - 8.00.194’, கடைசி வரியில் ‘ஸ்டாண்டர்ட் எடிஷன்’, அதைத் தொடர்ந்து விண்டோஸின் பெயர், அடைப்புக்குறிக்குள் ‘சர்வீஸ் பேக் 3’. அவசரத்தில் வாசிப்பவர் கண் எங்கே போகும்? கடைசியில் இருக்கும் ‘சர்வீஸ் பேக் 3’ மீது. அந்த ஜனவரியில்தான் எஸ்க்யூஎல் சர்வருக்கும் சர்வீஸ் பேக் 3 வந்திருந்தது. புழு நுழைந்த ஓட்டையை அது அடைத்திருந்தது. ஆகவே நாம் தப்பித்தோம் என்று ஒருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பது விண்டோஸின் சர்வீஸ் பேக். டேட்டாபேஸின் நிலையைச் சொல்வது முதல் வரியின் 194 என்ற மூன்று இலக்கம். அது எந்தச் சர்வீஸ் பேக்கும் போடாத, கடையிலிருந்து வந்த கோலம். உண்மையில் சர்வீஸ் பேக் 3 போட்டிருந்தால் அங்கே 760 என்று இருந்திருக்கும். அபாயத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே இருந்தது இந்த எண் மட்டுமே, அதற்கு விளக்கம் அந்தத் திரையில் எங்குமில்லை.

இருபது ஆண்டுகளில் இது சீராகியிருக்கும் என்று நினைக்கலாம். கொஞ்சம் சீராகியிருக்கிறது, புதுக் குழப்பங்களும் சேர்ந்திருக்கின்றன. 2016 என்று பெயரிட்டு விற்ற சர்வர் தன்னை 13 என்று சொல்லிக்கொள்ளும். 16 என்று சொல்லிக்கொள்வது 2022இல் வந்தது. திரையில் 16 என்று பார்த்து, இது 2016 போலிருக்கிறது என்று குறித்துக்கொள்ள ஒரு மனிதருக்கு எல்லா நியாயமும் உண்டு. எடிஷனைக் கேட்கவும் இரண்டு வழிகள் உண்டு. ‘எடிஷன்’ என்ற பண்பைக் கேட்டால் பெயர் வரும். ‘என்ஜின் எடிஷன்’ என்பதைக் கேட்டால் ஓர் எண் வரும். எண்டர்பிரைஸ், டெவலப்பர், 180 நாள் ஓடும் எவால்யுவேஷன் மூன்றுக்கும் அந்த எண் ஒன்றுதான்: 3. ஒன்று பெருந்தொகை கொடுத்து வாங்கியது. ஒன்று இலவசம், ஆனால் நிஜ வேலைக்குப் பயன்படுத்த உரிமமில்லை. மற்றொன்று 180 நாள் முடிந்ததும் ஓட மறுக்கும். எண்ணை மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டவருக்கு மூன்றும் ஒரே முகம். பெயரைக் கேட்டாலும் கடைசி எழுத்துவரை வாசிக்க வேண்டும். ‘எண்டர்பிரைஸ் எடிஷன்’ என்று முடிந்தால் அது பழைய உரிம முறை, 20 கோருக்கு மேல் தொடாது. ‘எண்டர்பிரைஸ் எடிஷன்: கோர்-பேஸ்டு லைசென்சிங்’ என்றிருந்தால்தான் அந்த வரம்பு இல்லை. 32 கோர் உள்ள சர்வர் வாங்கி வைத்துவிட்டு, முக்காற்புள்ளிக்குப் பின்னால் வர வேண்டிய சொற்கள் இல்லாத காரணத்தால் 12 கோர் சும்மா இருப்பதைக் கவனிக்காமல், வேகம் போதவில்லை என்று இன்னொரு சர்வருக்கு விலை கேட்பவர்களை என்னவென்று சொல்வது?

ஆரக்கிள் டேட்டாபேஸ் பக்கம் போனால் வேறு விதமான வேடிக்கை. 11ஜி வெர்ஷன் காலம்வரை, எண்டர்பிரைஸ் எடிஷன் என்றால் வெர்ஷனைச் சொல்லும் பேனர் வரியில் அந்தப் பெயர் இருக்கும். ஸ்டாண்டர்ட் எடிஷன் என்றால் எந்தப் பெயரும் இருக்காது. மௌனம்தான் அங்கே விடை. பேனரில் எடிஷன் பெயர் இல்லையே, கட்டளையைத் தவறாக அடித்தோமோ என்று குழம்புபவருக்கு, இல்லாததுதான் தகவல் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். எடிஷன் தெரிந்த பிறகும் கதை முடியாது. எண்டர்பிரைஸ் எடிஷனோடு ‘டயக்னாஸ்டிக்ஸ் பேக்’, ‘டியூனிங் பேக்’ போன்ற தனிவிலைச் சரக்குகள் சேர்ந்தே இன்ஸ்டால் ஆகும். முன்னிருப்பு அமைப்பில் அவை திறந்தே இருக்கும். நிர்வாகி ஒருநாள் சர்வர் ஏன் மெதுவாக இருக்கிறது என்று பார்க்க ஓர் அறிக்கையை எடுத்தால், அந்தப் பயன்பாடு டேட்டாபேஸுக்குள்ளேயே பதிவாகும். பின்னர் உரிமத் தணிக்கைக்கு வருபவர்கள் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள். எண்டர்பிரைஸின் விலைப்பட்டியல் விலை ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். டயக்னாஸ்டிக்ஸ் பேக் அதற்கு மேல் 7,500. ஹோட்டல் மேஜையில் கேட்காமலே வைத்த பலகாரத்தில் ஒன்றைக் கிள்ளிப் பார்த்ததற்கு முழுத் தட்டுக்கும் பில் போடுவது போன்றது இது. சட்டப்படி நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் மூடி வைத்துவிட்டு வேண்டுபவர் திறக்கட்டும் என்று விடுவதுதானே முறை?

அரசுகள் இந்த விஷயத்தில் எப்படி ஏமாறும் என்பதற்கு கலிஃபோர்னியா ஒரு பாடப்புத்தகம். 2001இல் அந்த மாநில அரசு, துறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆரக்கிள் உரிமங்களை ஏறத்தாழ 9.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. போட்டி டெண்டர் கிடையாது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாநிலத் தணிக்கையாளர், இந்த ஒப்பந்தமே இல்லாவிட்டால் ஆகும் செலவைவிட 4.1 கோடி டாலர் வரை அதிகமாக ஆகலாம் என்று அறிக்கை கொடுத்தார். விவகாரம் அரசியலாகி, உயர் அதிகாரிகள் பதவியிழந்து, அதே ஆண்டு ஒப்பந்தம் ரத்தானது. எந்தத் துறையில் என்ன ஓடுகிறது, இன்னும் எவ்வளவு தேவை என்ற கணக்கை முதலில் எடுத்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016 நவம்பரில் எஸ்க்யூஎல் சர்வர் 2016க்கு வந்த சர்வீஸ் பேக் 1, அதுவரை எண்டர்பிரைஸில் மட்டும் இருந்த பல வசதிகளை ஸ்டாண்டர்டுக்கும் கொடுத்துவிட்டது. எண்டர்பிரைஸின் விலை ஸ்டாண்டர்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த வசதிகளுக்காகவே எண்டர்பிரைஸ் வாங்கியவர்கள் தங்களிடம் இருப்பது எது, அதில் பயன்படுத்துவது எதை என்று அன்று கணக்குப் பார்த்திருந்தால் அடுத்த கொள்முதலில் பெருந்தொகை மிச்சமாகியிருக்கும். விலை குறைந்ததை விற்பவர் வீடு தேடிவந்து சொல்ல மாட்டார்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். தரவு போனால்? எண்டர்பிரைஸில் மட்டும் கிடைத்த ஒரு வசதியைப் பயன்படுத்திய டேட்டாபேஸின் பேக்கப்பை, அந்த 2016 மாற்றத்துக்கு முந்தைய ஸ்டாண்டர்ட் சர்வரில் மீட்க முயன்றால் என்ன நடக்கும் என்று கவனியுங்கள். மீட்பு தொடங்கும், சதவீதம் 10, 20 என்று ஏறும், பெரிய டேட்டாபேஸ் என்றால் மணிக்கணக்கில் ஓடும். நூறைத் தொட்ட பிறகு, இந்த எடிஷனில் இந்த டேட்டாபேஸைத் தொடங்க முடியாது என்று செய்தி வரும். முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொள்ளத்தான் முடியும். வெர்ஷன் விஷயம் இன்றும் அப்படியேதான்: புதிய வெர்ஷனில் எடுத்த பேக்கப் பழையதில் ஏறாது. தினமும் இரவு பேக்கப் எடுக்கிறோம் என்று பெருமைப்படும் நிறுவனம், அது எந்தச் சர்வரில் ஏறும் என்று எழுதி வைக்கவில்லை என்றால் அது காப்பீட்டுப் பத்திரம் இல்லை, வெறும் காகிதம். சர்வர் எரிந்துபோன இரவில் பதில் சொல்ல அந்தச் சர்வரே இருக்காது. ஆகவே அதை உயிரோடு இருக்கும்போதே கேட்டு, வேறிடத்தில் குறித்துவைக்க வேண்டும்.

இதெல்லாம் கணினிக்காரர்கள் வேலை, முதலாளியும் அதிகாரியும் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்பார்கள். சமையல் எரிவாயு உருளை நிரப்புவது எரிவாயு நிறுவனத்தின் வேலைதான். ஆனாலும் உருளையின் கழுத்துப் பட்டையில் ‘பி-27’ என்பது போல ஒரு குறி பொறித்திருக்கிறார்கள். அடுத்த பரிசோதனை 2027 ஜூனுக்குள் என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்காரர் அதைப் பார்த்து வாங்கலாம், காலாவதியாகியிருந்தால் திருப்பி அனுப்பலாம். வெடித்தால் வீடு அவருடையது என்பதால்தான் அந்த ஏற்பாடு. மென்பொருளிலும் அப்படித்தான்: உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரும் தணிக்கையில் அபராதம் கட்டுபவரும் சொந்தக்காரர். இன்ஸ்டால் செய்த ஊழியர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

இதற்குத்தான் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டனவே என்பது இன்னும் வலுவான மறுப்பு. வலையமைப்பு முழுதும் சல்லடை போட்டு எங்கே என்ன ஓடுகிறது என்று பட்டியல் கொடுக்கும் மென்பொருள்கள் இருப்பது உண்மை. பெரிய நிறுவனங்களுக்கு அவை இல்லாமல் முடியாது. ஆனால் கருவி, தனக்குக் காட்டப்பட்ட இடத்தில்தான் தேடும். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் கடன்மதிப்பீட்டு நிறுவனத்தில் நடந்த தரவுத் திருட்டுக்குக் காரணம் டேட்டாபேஸ் ஓட்டை அல்ல, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இணைய மென்பொருளில் இருந்த ஓட்டை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 2017 மார்ச்சில் எச்சரிக்கை வந்தது. உடனே பேட்ச் போடுங்கள் என்று உள்ளே மின்னஞ்சல் போனது. மார்ச் 15 அன்று ஸ்கேனும் ஓட்டினார்கள். ஓட்டையுள்ள சர்வர் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. இருந்தது. மே மாதம் திருடர்கள் அதன் வழியாக நுழைந்தார்கள், ஜூலை 29 அன்றுதான் தெரியவந்தது, ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியல் அந்த நிறுவனத்திடம் இல்லை என்பது நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளியானது. பட்டியல் இருந்தால் கருவி அதைச் சரிபார்க்கும். பட்டியல் இல்லாத இடத்தில் கருவி தருவது பொய் நிம்மதி. இன்னொன்று: கட்டளையையே தவறான வாசலில் கேட்பவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ்களில் கட்டளைத் திரையில் வெர்ஷன் கேட்டால் வருவது பெரும்பாலும் கிளையண்ட் நிரலின் வெர்ஷன். உள்ளே இருக்கும் சர்வர் அதைவிடப் பல வயது மூத்ததாக இருக்கலாம். மரியாடிபி என்ற டேட்டாபேஸ், தன்னிடமிருந்து நகலெடுக்கும் பழைய மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் குழம்பக் கூடாது என்பதற்காகத் தன் வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் ‘5.5.5-’ என்று ஒரு பொய் எண்ணை ஒட்டி அனுப்பிவந்தது. பெயர்ப்பலகையைப் படித்துப் பட்டியல் போடும் கருவி அதை அப்படியே நம்பினால் பட்டியலில் இல்லாத ஒரு கிழவர் சேர்ந்துவிடுவார்.

கிளவுடுக்குப் போய்விட்டால் இந்தத் தலைவலி இல்லை என்பது விற்பனையாளர்களின் பல்லவி. பேட்ச் போடும் வேலை குறையும் என்பது நிஜம். வெர்ஷன் என்ற கேள்வி மட்டும் கூடவே வரும். அமேசானின் ஆர்டிஎஸ் என்ற கிளவுடு டேட்டாபேஸ் சேவையில் மைஎஸ்க்யூஎல் 5.7, போஸ்ட்கிரெஸ் 11 ஆகியவற்றை மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு 2024 முதல் ‘நீட்டித்த ஆதரவு’ என்று பிராசஸர் கணக்கில், மணிக் கணக்கில் தனிக் கட்டணம் ஏறத் தொடங்கியது. தன்னிடம் இருப்பது 5.7 என்று தெரியாதவருக்கு மாத பில்லில்தான் தெரியவந்திருக்கும். கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிடுங்கள், அங்கே எடிஷன் பேதமே கிடையாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. போஸ்ட்கிரெஸுக்கு ஒரே எடிஷன்தான், அது பெரிய விடுதலை. ஆனாலும் அங்கே ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் ஆதரவு ஐந்து ஆண்டுதான். 2017இல் 10 வெளிவரும்வரை 9.5, 9.6 என்று இரண்டாவது இலக்கம் மாறினாலே பெரிய வெர்ஷன். அதற்குப் பிறகு முதல் எண் மட்டுமே கணக்கு. உரிமக் கவலை போகும், வயதுக் கவலை இருக்கும்.

வெர்ஷனை வெளியே சொன்னால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடாதா என்று பாதுகாப்புத் துறையினர் சிலர் கேட்பார்கள். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. சொந்தக்காரருக்குத் தெரிந்தால் போதும். ஸ்லாமர் யாரிடமும் வெர்ஷன் விசாரிக்கவில்லை. கண்ணில் பட்ட முகவரிக்கெல்லாம் அதே 376 பைட்டை எறிந்துகொண்டே போனது. ஓட்டை இருந்த வீடு விழுந்தது. அது நுழைந்த வாசல், ‘இந்த இயந்திரத்தில் எந்தெந்த எஸ்க்யூஎல் சர்வர்கள் எந்த போர்ட்டில் ஓடுகின்றன’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லவே வைக்கப்பட்ட சேவை என்பதையும் கவனிக்கலாம். புழுவுக்கு அந்த வாசல் தெரிந்திருந்தது. வீட்டுக்காரருக்குத்தான் அப்படியொரு வாசல் இருப்பதே தெரியவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும்: அடியில் ஓடும் டேட்டாபேஸின் பெயர், எடிஷன், முழு வெர்ஷன் எண், அதன் உச்ச அளவு, ஆதரவு முடியும் தேதி ஐந்தும் மென்பொருளின் உதவிப் பக்கத்தில், ஓடும் சர்வரிடமிருந்தே கேட்டு வாங்கிக் காட்டப்பட வேண்டும். உச்ச அளவில் 80 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்க வேண்டும். இதற்கு ஒரு நிரலாளரின் ஒருநாள் வேலைகூட ஆகாது. இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான சிஇஆர்டி-இன், மென்பொருளுக்குள் என்னென்ன உதிரிகள் இருக்கின்றன என்ற பட்டியலை அரசுத் துறைகளும் அத்தியாவசியச் சேவைகளும் கேட்டு வாங்கவேண்டும் என்று 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பட்டியல் பெட்டிக்குள் என்ன வைத்தோம் என்று விற்பவர் எழுதித்தருவது. மூன்று வருடம் கழித்து அதே அறையில் என்ன ஓடுகிறது என்பதை அது சொல்லாது, சர்வர்தான் சொல்லும். எஸ்க்யூஎல் சர்வர் 2016க்கான ஆதரவு 2026 ஜூலை 14 அன்று முடிவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் ‘செலக்ட் @@வெர்ஷன்’ என்ற அந்த ஒரு வரிக் கட்டளையை அடிக்கச் சொல்லி, வரும் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 13 என்றால் அந்தத் தேதி உங்களுக்கானது. 16 என்றால் அல்ல.